கடன் இருக்கட்டும், முதலில் பில் பணத்தை வாங்கிக் கொடுங்கள்

ஒவ்வொரு பட்ஜெட்டிலும் சிறுதொழிலுக்கு என்ன வந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பேன். பெரும்பாலும் கடன்தான் வந்திருக்கும். கடன் வரம்பை உயர்த்தியிருப்பார்கள், கடனுக்கு அரசு உத்தரவாதம் இருக்கும், வட்டியில் கொஞ்சம் தள்ளுபடி இருக்கும். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் இருக்கிற சின்னச் சின்ன லேத் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். அங்கே யாரிடம் பேசினாலும் கேட்பது வேறு. "கடன் கெடக்குதுங்க, செஞ்சு குடுத்த வேலைக்குக் காசு வந்தாப் போதும்" என்பார்கள்.

அரசு சிறுதொழிலுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் எதற்கு முதலிடம் என்று என்னைக் கேட்டால், பில் பணத்தை நாளுக்கு வரவைப்பதற்குத்தான் என்பேன். அதற்குச் சட்டம் இருக்கிறது. 2006-இல் வந்த நல்ல சட்டம். அதைப் பட்டறைக்காரர்கள் ஏன் தொடுவதில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் பட்டறையில் பணம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங் மிஷின், ஒரு டிரில்லிங் மிஷின் வைத்திருக்கிற ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார்கள். இஎன்8 எஃகு ராடு வாங்க வேண்டும். ராடு கடைக்காரர் ஒரு மாதம் பொறுப்பார், அதற்கு மேல் போனால் அடுத்த லோடு வராது. சனிக்கிழமை மாலை ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. இன்செர்ட், கூலன்ட் ஆயில் எல்லாம் கைக்காசு. ஈபி பில்லுக்குக் கடைசித் தேதி உண்டு, தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். ஆக, பட்டறையை விட்டு வெளியே போகிற பணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது. உள்ளே வரவேண்டிய பணத்துக்கு மட்டும் தேதி கிடையாது.

இரண்டு லட்ச ரூபாய்க்கு ஷாஃப்ட் அனுப்பினால், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து பில் தொகை 2,36,000 ரூபாய். அந்த 36,000 ரூபாயில் ராடு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்தது போக மீதியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடுகிற சின்னப் பட்டறைகளும் மாதாமாதம் பணத்தைக் கட்டியாக வேண்டும். வாங்கிய கம்பெனி ஒரு ரூபாயும் தராமல் இருக்கலாம். அதையெல்லாம் ஜிஎஸ்டி போர்ட்டல் கேட்காது. தேதி தவறினால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. கைக்கு வராத பணத்துக்கு முன்கூட்டியே வரி கட்டுவது, அதைத் தாமதித்தால் வட்டியும் கட்டுவது, இதுதான் நான் பார்க்கிற எல்லாப் பட்டறைகளின் மாதக் கணக்கும்.

கம்பெனியோ 90 நாள் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் (பி.ஓ.) போட்டிருக்கும். நிஜத்தில் 120, 150 என்று இழுக்கும். கேட்டால் ஒரு மாதம் "பில் அக்கவுண்ட்ஸுக்கு வரலை" என்பார்கள், அடுத்த மாதம் "எம்.டி. ஊர்ல இல்லை" என்பார்கள். சில இடங்களில் முன்தேதி போட்ட செக் கொடுத்து, நாள் வந்ததும் "இப்பப் போட்டுறாதீங்க" என்று போன் வரும். இத்தனை நாளும் சின்னப் பட்டறைக்காரர் பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பணம் இல்லாத பள்ளத்தை நிரப்பத்தான் அவர் வங்கியில் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் வாங்குகிறார். அது போதாதபோது நூற்றுக்கு ரெண்டு வட்டிக்கு வெளியே வாங்குகிறார். அரசு அறிவிக்கிற புதுக் கடனும் இந்தப் பள்ளத்துக்குள்தான் போகிறது.

கடன், மானியத் திட்டங்களால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தத் திட்டங்களில் தொடங்கிய பட்டறைகள் பலவற்றுக்கு நானே கணக்கு எழுதுகிறேன். தொழில் தொடங்குவோருக்கான மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. பட்டியல் சாதியினர், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் படித்த இளைஞர்களுக்கு 25 சதவீத மானியத்தோடு 3 சதவீத வட்டிச் சலுகையும் கிடைக்கிறது. 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியம் தருகிறது. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, 6 சதவீத வட்டிச் சலுகை தனி. அடமானம் வைக்கச் சொத்து இல்லாத தலைமுறைக்கு இது பெரிய கதவு. கொரோனா காலத்தில், 2020 மே மாதம் அறிவித்த அவசரக்காலக் கடன் திட்டத்தையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து, அதற்கு மத்திய அரசே முழு உத்தரவாதமும் கொடுத்தது. அது வந்திருக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ ஷட்டர்கள் மறுபடி திறந்திருக்காது.

ஆனால் இவையெல்லாம் தொழிலைத் தொடங்குவதற்கும், ஒரு அவசரத்தைத் தாண்டுவதற்கும் உதவுபவை. தொடங்கிய தொழில் மூன்றாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் நிற்பதற்கு பில் பணம் வர வேண்டும். மானியத்தில் சிஎன்சி வாங்கிய தம்பி ஒருவர், ஆர்டர் கை நிறைய இருக்கும்போதே வங்கித் தவணை தவறினார். அவருக்கு வரவேண்டிய பாக்கி, அவர் கட்டவேண்டிய தவணைகளைப் போல் பல மடங்கு. வங்கிக்காரர் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. 90 நாள் தாண்டினால் என்பிஏ, அதாவது வாராக்கடன், அவ்வளவுதான். பாக்கி வைத்த கம்பெனியின் கணக்கு அதே வங்கியில் சுத்தமாக இருக்கும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

குறு, சிறு, நடுத்தர தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15-ஆவது பிரிவின்படி குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், அதுவும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பி.ஓ.வில் 90 நாள் என்று போட்டு நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45 தான் கணக்கு. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டி.

கேட்கும்போது கடுமையாகத் தெரிகிற இந்த வட்டியைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மடங்கு 18. நம் 2,36,000 ரூபாய் பில் 45 நாளுக்கு மேல் இன்னும் நான்கு மாதம் இழுத்தால் சட்டப்படி வரும் வட்டி சுமார் 14,500 ரூபாய். அதே நான்கு மாதத்துக்கு அதே தொகையை ரெண்டு வட்டிக்கு வெளியே வாங்கினால் பட்டறைக்காரர் கட்டுவது 18,880 ரூபாய். சட்டம் தண்டனை என்று வைத்திருக்கிற வட்டியே, ஊரில் சாதாரணமாகப் புழங்கும் வட்டியைவிடக் குறைவு. அதையும் ஒருவர் வழக்காடித்தான் வாங்க வேண்டும்.

பணம் வராவிட்டால் போகவேண்டிய இடம், வசதியாக்கல் மன்றம். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று நான்கு மண்டலங்களில் இருக்கிறது. 2017-இலிருந்து இணையம் வழியாக உட்கார்ந்த இடத்திலிருந்தே மனுப் போடலாம். முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, நடப்பில் நீளும். தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்னால் கட்ட வேண்டும். இழுத்தடிப்பவரின் கையைக் கட்டுகிற மிக நல்ல ஏற்பாடு அது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பட்டறைக்காரனின் கஷ்டத்தை அறிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, எனக்குப் பழக்கமான பட்டறைக்கார அண்ணன் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். ஒரே கம்பெனியிடமிருந்து அவருக்கு எட்டு மாதப் பாக்கி வரவேண்டியிருந்தது.

"ஏனுங்கண்ணா, மன்றத்துல ஒரு மனுப் போட்டுறலாமுங்களா? காயிதமெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் லேத்தை நிறுத்திவிட்டு, கையைக் காட்டன் வேஸ்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "போட்டா இந்தப் பணம் வந்துரும் தம்பி. அடுத்த மாசம் ஆர்டர் வருமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பட்டறையில் ஓடுகிற வேலையில் முக்கால்வாசி அந்த ஒரு கம்பெனியுடையது. அவர்கள் கொடுத்த டிராயிங், அவர்களுக்காகச் செய்த ஜிக், அவர்களுக்காகப் பழகிய ஆட்கள். மனுப் போட்ட செய்தி ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை. பர்ச்சேஸ் மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். "அவன் கேஸ் போடறவன்" என்று பேர் வந்துவிட்டால் கோவையில் லேத் ஓட்டுவது கஷ்டம். எனக்குத் தெரிந்து மன்றத்துக்குப் போனவர்கள் இரண்டு வகை. அந்தக் கம்பெனியோடு உறவே முறிந்துபோனவர்கள் ஒரு வகை, தொழிலையே மூட முடிவெடுத்தவர்கள் இன்னொரு வகை. தொழில் நடத்திக்கொண்டு இருப்பவனுக்காக எழுதிய சட்டம், தொழிலை விட்டுப் போகிறவனுக்குத்தான் பயன்படுகிறது.

சட்டத்தின் ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது. புகார் கொடுக்கும் பாரம் முழுவதும் பலவீனமானவர் தலையில். அவர் வாய் திறந்தால்தான் சட்டம் எழுந்து நடக்கும். வாய் திறந்தால் அவர் சோறு போய்விடும்.

அரசும் இதைப் பார்க்காமல் இல்லை. புகார் இல்லாமலே வேலை செய்கிற வழிகள் இரண்டை முயன்றிருக்கிறார்கள்.

ஒன்று டிரெட்ஸ். 2017-இலிருந்து நடக்கிற மின்னணுச் சந்தை இது. பட்டறைக்காரர் பில்லை ஏற்றுவார், கம்பெனி "சரி, இது நான் தரவேண்டிய பணம்தான்" என்று ஒப்புக்கொள்ளும், வங்கிகள் போட்டிபோட்டு வட்டி சொல்லும். குறைந்த வட்டி சொன்ன வங்கி ஓரிரு நாளில் பட்டறைக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பெனியிடம் பிறகு வசூலித்துக்கொள்ளும். கம்பெனி ஏமாற்றினாலும் வங்கி பட்டறைக்காரரிடம் திரும்பி வராது. வட்டியும் கம்பெனியின் பேருக்கு ஏற்றபடி வருவதால் குறைவு. அருமையான யோசனை, மனமாரச் சொல்கிறேன். 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர வேண்டும் என்று 2018-இல் உத்தரவு போட்டார்கள், 2024 நவம்பரில் அதை 250 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் கட்டாயம் என்பது சேர்வதற்கு மட்டும்தான். சேர்ந்த பிறகு பில்லை ஒப்புக்கொள்ளாமல் சும்மா இருந்தால் கேட்பாரில்லை. அந்த ஒரு கிளிக் கம்பெனியின் கையில் இருக்கிறவரைக்கும் பட்டறைக்காரர் பழையபடி போன் போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வருமான வரிச் சட்டத்தில் 43பி-யில் சேர்த்த (எச்) பிரிவு. 2023 பட்ஜெட்டில் கொண்டுவந்து, 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்தே பொருந்தியது. குறு, சிறு உற்பத்தியாளருக்குச் சட்டக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31 வரை பாக்கி நின்றால் அந்தத் தொகை லாபத்தில் சேர்ந்து அதற்கும் வரி கட்ட வேண்டும். புகார் தேவையில்லை, ஆடிட்டரே பார்த்துவிடுவார். 2024 மார்ச் மாதத்தில் எங்கள் பட்டறைகளுக்கு வந்த பணத்தைப் போல் வேறெந்த மார்ச்சிலும் நான் பார்த்ததில்லை. வருடக்கணக்கில் கிடந்த பில்லெல்லாம் செட்டில் ஆனது. சட்டத்தால் முடியும் என்பதற்கு அந்த ஒரு மாதமே சாட்சி.

கூடவே இரண்டு பிரச்சினைகளும் வந்தன. சிறுதொழில் என்பதற்கான அரசுப் பதிவுதான் உத்யம். சில கம்பெனிகள், "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, இல்லேன்னா ஆர்டர் இல்லை" என்றன. இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது என்பதால் சிலர் அவர்கள் பக்கம் ஆர்டரைத் திருப்பினார்கள். மற்றொன்று சட்டம் எழுதிய விதத்திலேயே இருக்கிறது. ஜூன் மாத பில்லை அடுத்த மார்ச் 30-ஆம் தேதி கொடுத்தாலும் வரியில் நஷ்டம் எதுவுமில்லை, அதே நிதியாண்டில் கொடுத்தாகிவிட்டது. ஆக, மார்ச்சில் மட்டும் கடிக்கிற சட்டம் இது. மற்ற பதினொரு மாதம் பழைய கதைதான்.

இனி என் யோசனையைச் சொல்கிறேன். ஜிஎஸ்டி சட்டத்தில் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது. பொருள் வாங்கியவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியோடு. பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஒரு சட்டம் 45 நாள் என்கிறது, இன்னொரு சட்டம் 180 நாள் வரைக்கும் பொறுக்கிறது. இந்த 180-ஐ 45 ஆக்கிவிடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. பில் விவரம் ஏற்கெனவே போர்ட்டலில் இருக்கிறது, விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் ஏற்றுகிறார். வாங்கியவர் அந்த பில்லை ஏற்பதா, தள்ளுவதா என்று சொல்லும் வசதி 2024 அக்டோபரிலிருந்து வந்துவிட்டது. பணம் கொடுத்த தேதியையும் வாங்கியவர் ஏற்றியாக வேண்டும் என்று சேர்த்தால் போதும். பட்டறைக்காரர் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. வரிச் சலுகை போகும் என்பது மாதாமாதம் தெரியும்போது அக்கவுண்ட்ஸ் மேனேஜரே முதலாளியிடம் போய் நிற்பார்.

அதையும் உத்யம் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைக்கக் கூடாது. வைத்தால் மறுபடியும் பதிவை ரத்து பண்ணச் சொல்வார்கள். யார் விற்றாலும் 45 நாள் என்று பொதுவாக வைத்தால் யாரை ஒதுக்குவது என்ற கேள்வியே எழாது. நடுத்தரக் கம்பெனிக்காரர்களும் இதை எதிர்க்க வேண்டியதில்லை, அவர்களுக்கும் மேலே ஒரு பெரிய கம்பெனி பாக்கி வைத்திருக்கிறது. கணபதி பட்டறைக்கு 150 நாள் இழுப்பவரிடம் கேட்டுப் பார்த்தால், அவருக்கே 120 நாளாகப் பணம் வந்திருக்காது. சங்கிலி மேலிருந்துதான் அவிழ வேண்டும். அந்த மேல் நுனியில் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் இருக்கின்றன. கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று மத்தியப் பொதுத்துறைக்கு விதி இருப்பது நல்லது. வாங்கியதற்கு எத்தனை நாளில் பணம் கொடுத்தார்கள் என்பதையும் அதே அறிக்கையில் போட வேண்டும். பிரிட்டனில் 2017-இலிருந்து பெரிய நிறுவனங்கள், சப்ளையர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் கொடுக்கிறோம் என்று ஆண்டுக்கு இரண்டு முறை பொதுவெளியில் வெளியிட வேண்டும். இங்கேயும் 45 நாளைத் தாண்டிய பாக்கியைக் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2019-இலிருந்து படிவம் இருக்கிறது. அந்தத் தகவலை, கம்பெனி பேரைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கிற மாதிரி வைத்தால், புதிதாக ஆர்டர் எடுக்கப்போகிற தம்பி முதலிலேயே பார்த்துவிட்டு விலை சொல்வான்.

இதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரைக்கும் பட்டறை வைத்திருக்கிறவர்கள் கையில் இருப்பதைச் செய்துகொள்ளுங்கள். உத்யம் பதிவு இல்லாதவர்கள் இன்றைக்கே போடுங்கள். அது முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால் போதும், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பிரச்சினை வந்த பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்குப் பாதுகாப்பு கேட்பது சிக்கலாகிவிடும். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள், "எங்களுக்குத் தெரியாது" என்று எதிர்தரப்பு பின்னால் சொல்ல முடியாது. வெறுமனே வாங்கி விற்கிற வியாபாரமாகப் பதிவு செய்திருந்தால் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடைக்காது, உற்பத்தி என்று சரியாகப் போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று, டெலிவரி சலான். பொருள் போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், பொருள் இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 45 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். ஆட்டோக்காரரிடம் சரக்கைக் கொடுத்தனுப்பும்போது, ஸ்டோர்ஸில் கையெழுத்து, சீல், தேதி மூன்றையும் சலானில் வாங்கி வரச் சொல்லுங்கள். தேதி இல்லாத சலான்களாகவே பெரும்பாலும் என் மேசைக்கு வருகின்றன.